பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்பில் உளவியலை அறிமுகம் செய்வது எப்படி? கொங்குப் பள்ளிகளுக்கான முழுமையான வழிகாட்டி

உளவியல் முதுகலை படிப்பவர்கள், பள்ளி ஆலோசகர்கள், உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளில் இந்த வகுப்பை எடுத்தும், புதிதாக எடுக்க வருபவர்களைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தும் தெரிந்துகொண்டவை இவை.

புதியவர்களுக்கு விஷயம் தெரிகிறது, வரிசைதான் தவறிப்போகிறது. உளவியலுக்கு வரையறை எழுதிப்போட்டு, 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலுக்கான முதல் ஆய்வுக்கூடம் வந்த கதையைச் சொல்லி, கிளைகளின் பெயர்களை அடுக்கி, கடைசிப் பத்து நிமிடத்தில் "ஸ்கோப் நிறைய இருக்கு" என்று முடிக்கிறார்கள். பிள்ளைகளும் கைதட்டுகிறார்கள். மறுநாள் கேட்டால், "மனசுல இருக்கறதக் கண்டுபிடிக்கற படிப்புங்க" என்கிறார்கள்.

நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் பாதுகாப்பு ஏற்பாடு, பிறகு அவர்களே செய்து பார்க்கும் சோதனை, அப்புறம் நம் ஊரில் இந்தப் படிப்புக்கு இருக்கும் வேலைகள். பட்டங்களின் பெயரும் கல்லூரிகளும் கடைசியில்தான்.

1. நாளையும் அளவையும் முடிவு செய்யுங்கள்

ஒரு நேரத்தில் ஒரு செக்‌ஷன் மட்டும், அடுத்தடுத்து இரண்டு பீரியட். மொத்தம் சுமார் 90 நிமிடம் வேண்டும். "எல்லா செக்‌ஷனையும் ஹாலுக்கு அனுப்பிடறோம், மைக் இருக்குது" என்று பள்ளியில் சொல்வார்கள். பணிவாக மறுத்துவிடுங்கள். கைதூக்கச் சொல்லி எண்ணவும், சீட்டு வாங்கவும், முகம் பார்த்துப் பேசவும் நாற்பது, ஐம்பது பேருக்குமேல் முடியாது.

பிளஸ் டூ என்றால் ஜூலை, ஆகஸ்டில் போய்விடுங்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் ரிவிஷன் டெஸ்டுகளுக்கு நடுவில் யார் காதிலும் எதுவும் ஏறாது. பிளஸ் ஒன் வகுப்புக்குக் காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகான வாரங்கள் நல்லவை. நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் வாரநாளில் நேரம் கிடைப்பது கடினம், சனிக்கிழமையாகக் கேளுங்கள்.

2. வகுப்புக்கு முன்பே உதவி வலையைக் கட்டுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மற்றதில் எது தவறினாலும் சமாளித்துக்கொள்ளலாம், இதில் முடியாது.

உளவியல் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வகுப்புக்குள் வந்தால், அங்கே இருக்கும் ஏதோ ஒரு பிள்ளை "இவங்ககிட்டச் சொல்லலாம் போல" என்று நினைக்கும். மணி அடித்ததும் பையை மெதுவாக அடுக்கிக்கொண்டு நிற்கும். நீங்கள் அன்று மாலை ஊருக்குப் போய்விடுவீர்கள், அந்தப் பிள்ளை அங்கேயேதான் இருக்கும். அதனால் யாரிடம் ஒப்படைப்பது என்பது நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: "பிள்ளைங்க யாராவது கஷ்டத்தைச் சொன்னா, உங்க பள்ளியில நான் யார்கிட்டக் கூட்டிட்டுப் போகட்டுங்க?" அவர் ஓர் ஆசிரியர் பெயரைச் சொல்வார். அன்றைக்கே அவரைப் பாருங்கள். பிள்ளைகள் அவரிடம் இயல்பாகப் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். பயப்படுகிற மாதிரி தெரிந்தால் இன்னொருவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு உதவி எண்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104. மூன்றையும் போவதற்கு முன்பு நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். எந்த எண்ணை அழுத்தினால் தமிழில் பேசுவார்கள், என்ன கேட்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் பயந்துபோயிருக்கும் பிள்ளைக்குச் சொல்லித்தர முடியும். அந்த மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவின் புறநோயாளி நாட்களையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு பிள்ளை சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் மறைப்பது குற்றம். எனவே "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் கண்ணு" என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உன் பாதுகாப்புக்கு வேணும்னா மட்டும், வேண்டிய ஆளுக்கு மட்டும் சொல்வேன். அதையும் உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்பது நேர்மையான வாக்கு.

3. கொண்டுபோக வேண்டியவை

வெள்ளைத் தாள் ஆளுக்கு இரண்டு, சின்னச் சீட்டு ஆளுக்கு ஒன்று, ஒரு சார்ட், கைக்கடிகாரம், 6ஆம் படிக்கான அச்சிட்ட தாள். அவ்வளவுதான்.

புரொஜெக்டரை நம்பிப் போகாதீர்கள். கரண்ட் போகும், கேபிள் பொருந்தாது, பத்து நிமிடம் அதிலேயே கரையும். ஸ்லைடு ஓட ஆரம்பித்தால் பிள்ளைகள் நோட்டில் எழுத ஆரம்பிப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய சிக்கல். இந்த வகுப்பில் அவர்கள் தலைநிமிர்ந்து இருக்க வேண்டும்.

4. பெயரில்லாச் சீட்டில் கேள்வி வாங்குங்கள் (10 நிமிடம்)

உள்ளே போனதும் உங்களைப் பற்றி இரண்டு வரி, அப்புறம் சீட்டு. "சைக்காலஜி என்றதும் மனதில் வருவதை எழுதுங்கள், கேள்வியாகவும் இருக்கலாம். பெயர் வேண்டாம்."

வாய்விட்டுக் கேட்கச் சொன்னால் முதல் பெஞ்ச் மட்டும்தான் பேசும். சீட்டில்தான் உண்மை வரும். "முகத்தப் பாத்தே பொய் சொல்றாங்கன்னு கண்டுபிடிக்கலாமா?", "ஹிப்னாடிசம் சொல்லித்தருவாங்களா?", "பைத்தியம் குணமாகுமா?", "மார்க் கம்மியா இருந்தா சேரலாமா?", "சம்பளம் எவ்ளோ?" என்று ஊருக்கு ஊர் ஏறக்குறைய இதே கேள்விகள்தான்.

சீட்டுகளை அங்கேயே உரக்கப் படிக்கக் கூடாது. முதல் சோதனையின்போது அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் மேலோட்டமாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். சில சீட்டில் கேள்வி இருக்காது, வீட்டுப் பிரச்சினை இருக்கும். கையெழுத்தை வைத்தே வகுப்புக்கு ஆள் தெரிந்துவிடும் என்பதால் அப்படிப்பட்ட சீட்டை மற்றவற்றோடு சேர்க்காமல் பையில் வைத்துவிடுங்கள். "சீட்டில் எழுதியதை நேரில் பேச விரும்புபவர்கள் வகுப்பு முடிந்ததும் என்னைப் பார்க்கலாம், அல்லது இந்த ஆசிரியரைப் பார்க்கலாம்" என்று எல்லோருக்கும் பொதுவாக ஒருமுறை சொல்லுங்கள்.

5. வார்த்தைப் பட்டியல் சோதனை (20 நிமிடம்)

இந்த வகுப்பின் நடுத்தூண் இதுதான். உளவியல் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கிச் சொல்லாமல் அவர்கள் மனதிலேயே நடத்திக் காட்டிவிடலாம்.

இந்த 15 வார்த்தைகளை இரண்டு விநாடிக்கு ஒன்றாக, ஒரே குரலில் படியுங்கள்: படுக்கை, ஓய்வு, விழிப்பு, களைப்பு, கனவு, இரவு, போர்வை, அசதி, குறட்டை, கொட்டாவி, தலையணை, பாய், தாலாட்டு, அமைதி, தொட்டில். யாரும் எழுதக் கூடாது, கேட்க மட்டும்தான்.

உடனே எழுதச் சொல்லாதீர்கள். ஒரு நிமிடம் 100இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எழுதச் சொல்லுங்கள். கடைசியாகக் கேட்ட வார்த்தைகள் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும், அதைக் கலைக்கத்தான் இந்தக் கணக்கு. அப்புறம் நினைவில் இருப்பதை இரண்டு நிமிடம் எழுதட்டும்.

இப்போது பேனாவைக் கீழே வைக்கச் சொல்லி, மூன்று வார்த்தைகளுக்குக் கைதூக்கச் சொல்லுங்கள். "நான் கொட்டாவி என்று படித்தேனா?" நிறையக் கைகள் எழும். "மாட்டுவண்டி?" யாரும் தூக்க மாட்டார்கள், சிரிப்பார்கள். "தூக்கம்?" மறுபடி நிறையக் கைகள் எழும். சிலர் தாளிலேயே எழுதியிருப்பார்கள். பட்டியலில் அந்த வார்த்தை இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடி படித்துக் காட்டுங்கள். வகுப்பில் எழும் சத்தம் கொஞ்ச நேரம் அடங்காது, விட்டுவிடுங்கள்.

மூன்று எண்ணிக்கையையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, "மாட்டுவண்டியை ஏன் கேட்டேன்?" என்று கேளுங்கள். யாராவது ஒருவர் பிடித்துவிடுவார்: கேட்டதற்கெல்லாம் சும்மா கைதூக்குகிறார்களா என்று பார்க்க. சரி, அதற்குப் பெயர்தான் ஒப்பீடு. உளவியல் அறிவியலாவது இந்த இடத்தில்தான் என்று அப்போது சொன்னால் போதும். தனி வரையறை தேவைப்படாது.

1995இல் ரோடிகர், மெக்டெர்மாட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த வகைப் பட்டியல்களைக் கொண்டு செய்த முதல் சோதனையில், பட்டியலில் இல்லாத அந்த மைய வார்த்தையைச் சுமார் 40 சதவீத முறை மாணவர்கள் எழுதியிருந்தார்கள். உங்கள் வகுப்பின் எண் வேறாக இருக்கும். ஏன் வேறாகிறது என்று கேட்பதும் நல்ல கேள்விதான்: படித்த வேகமா, தமிழ் வார்த்தைகளா, பக்கத்தில் பார்த்து எழுதியதா?

இதிலிருந்து இரண்டு பாதை திறக்கிறது. ஒன்று நீதிமன்றம்: கண்ணால் பார்த்த சாட்சி பொய் சொல்லாமலேயே தவறாகச் சொல்லக்கூடும். இன்னொன்று அவர்களின் பரீட்சை: திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும் என்று நினைவு ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டாவதைச் சொல்லும்போது பின்பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

அடிக்கடி நடக்கும் தவறு, பட்டியலைப் படிக்கும்போது வாய் தவறி "தூக்கம் சம்பந்தமான வார்த்தைகள்" என்று சொல்லிவிடுவது. சோதனை அங்கேயே கெட்டுவிடும். வீட்டில் ஒருமுறை உரக்கப் படித்துப் பழகிக்கொண்டு போங்கள்.

6. எல்லோருக்கும் ஒரே தாள் (15 நிமிடம்)

"மனசைப் படிக்கலாமா" என்ற கேள்விக்குப் பதில் இது. முதல் பீரியட் தொடக்கத்திலேயே பிடித்த நிறம், பிடித்த விளையாட்டு என்று ஐந்தாறு சாதாரணக் கேள்விக்குப் பதில் வாங்கிவையுங்கள். இரண்டாம் பீரியடில், அந்தப் பதில்களை வைத்து எழுதியதுபோல, "உங்கள் குணம் பற்றிய குறிப்பு" என்று மடித்த தாளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுங்கள். எல்லாத் தாளிலும் ஒரே வரிகள்தான்: "வெளியில் தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளே சில நேரம் தயக்கம் உண்டு. உங்கள் திறமை முழுவதும் இன்னும் வெளிவரவில்லை. நெருங்கியவர்களிடம் மட்டுமே மனம்விட்டுப் பேசுவீர்கள்."

எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பிறகு ஒருவரை எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது வரியிலேயே விஷயம் புரிந்துவிடும். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களிடம் இதைச் செய்தபோது சராசரி 4.26 வந்தது. உங்கள் வகுப்பின் சராசரியை ஒரு வணிகவியல் குரூப் மாணவரைக் கொண்டு கரும்பலகையில் போடவையுங்கள். உளவியலில் புள்ளியியல் கட்டாயம் வரும், ஆனால் அது தங்கள் கைக்கு எட்டாத ஒன்றில்லை என்பதை அந்த ஒரு சராசரியே காட்டிவிடும்.

மூன்று எச்சரிக்கைகள். ஏமாற்றியதை அதே பீரியடில் சொல்லிவிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போக விடக் கூடாது. உடல், குடும்பம், சாதி, மார்க் பற்றி ஒரு வரிகூடத் தாளில் இருக்கக் கூடாது. ஜோசியத்தைக் கேலி செய்யவும் கூடாது. ஜாதகம் பார்க்காமல் எதுவும் தொடங்காத வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இவர்கள். கேலி செய்தால் அதோடு உங்களிடம் காதை மூடிக்கொள்வார்கள். "யாருக்கும் பொருந்தும் வாக்கியம் உங்களைப் பற்றி மட்டும் எதையும் சொல்லவில்லை" என்பதோடு நிறுத்துங்கள். மீதியை அவர்களே யோசித்துக்கொள்வார்கள்.

7. வேலைகளை ஊருக்குள் காட்டுங்கள் (25 நிமிடம்)

கிளைகளின் பெயரை அடுக்க வேண்டாம். சார்ட்டில் ஊரை வரையுங்கள்: ஆஸ்பத்திரி, பள்ளி, கம்பெனி, கோர்ட்டு, ஐடி கட்டடம். ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் உளவியல் படித்தவர் காலையில் வந்து என்ன செய்வார் என்று சொல்லுங்கள். பெயர் பிறகு வரட்டும்.

ஆஸ்பத்திரியில், மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் மனநல மருத்துவரோடு உளவியலாளரும் சமூகப் பணியாளரும் உண்டு. நினைவாற்றல், அறிவுத்திறன், மனநிலை ஆகியவற்றைச் சோதிப்பது, பேச்சுவழிச் சிகிச்சை தருவது உளவியலாளரின் வேலை. இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். நம் பக்கத்து மனிதர் யாரும் "எனக்கு டிப்ரஷன்" என்று வருவதில்லை. "நெஞ்சு படபடங்குதுங்க, ராவு தூக்கமே இல்லீங்க, ஒரு வேலையும் ஓட மாட்டீங்குது" என்றுதான் வருவார். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த வேலையில் ஒரு பலம் உண்டு. தமிழ்வழியில் படித்தவர்கள் இதைக் கேட்கும்போது முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே இதை விடாமல் சொல்கிறேன்.

பள்ளியில், எழுத்தைக் குழப்பிக்கொள்ளும் பிள்ளை சோம்பேறியா, கற்றல் குறைபாடா என்று கண்டறியும் வேலை இருக்கிறது. அதை ஒட்டியது சிறப்புக் கல்வி. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ணா மிஷன் விவேகானந்தா நிறுவனத்தில் மாற்றுத்திறன் மேலாண்மைக்கும் சிறப்புக் கல்விக்கும் தனிப் புலமே உண்டு.

கம்பெனி என்றதும் திருப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கண் விரியும், வீட்டில் யாராவது பனியன் கம்பெனியில் இருப்பார்கள். பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர் சில மாதத்திலேயே ஏன் விட்டுப் போகிறார்? நைட் ஷிஃப்ட்டில் தவறு ஏன் கூடுகிறது? சூப்பர்வைசர் எப்படிப் பேசினால் ஆள் நிற்பார்? இவை தொழில்சார் உளவியலின் கேள்விகள். கோவையின் பம்ப், மோட்டார் ஆலைகளிலும் இதே கதைதான். மனிதவளப் பிரிவு, பயிற்சி, ஆள் தேர்வு ஆகியவை இதில் வரும்.

கோவை ரெட்ஃபீல்ட்ஸில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வு வாரியம் இருக்கிறது. ராணுவ அதிகாரித் தேர்வில் உளவியல் சோதனைக்கென்றே ஒரு நாள் உண்டு. 60 வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. வார்த்தையைப் பார்த்ததும் மனதில் வரும் வாக்கியத்தை எழுத வேண்டும். அந்தத் தாள்களை மதிப்பிடுபவர் பயிற்சி பெற்ற உளவியலாளர். பஸ்ஸில் தினமும் கடந்துபோகும் இடத்துக்குள் இப்படி ஒரு வேலை நடக்கிறது என்பது கோவைப் பிள்ளைகளுக்கு நம்ப முடியாத செய்தி.

குடும்ப நீதிமன்ற ஆலோசகர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான சகி மையம், போதை மீட்பு மையம் ஆகியவற்றை ஒரே மூச்சில் சொல்லலாம். ஆனால் இவற்றில் பல ஒப்பந்தப் பணிகள், சம்பளம் குறைவு என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். சரவணம்பட்டி ஐடி கட்டடங்களில், ஒரு செயலியை மக்கள் எங்கே தடுமாறிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் வேலையும் உண்டு. கல்லூரி ஆசிரியராக, யூஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வு அல்லது மாநில செட் தேர்வு எழுத வேண்டும்.

8. நான்கு பேரைப் பிரித்துக் காட்டுங்கள்

"இதப் படிச்சா மருந்து எழுதலாமுங்களா?" என்ற கேள்வி வந்தே தீரும். பதிலை இப்படிச் சொல்லுங்கள்.

மனநல மருத்துவர்: எம்பிபிஎஸ் முடித்து, மனநலத்தில் எம்.டி. படித்தவர். மருந்து எழுதுபவர் இவர். நீட் வழியாகத்தான் இந்தப் பாதை, உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து ஏறக்குறைய எட்டரை ஆண்டு.

மருத்துவ உளவியலாளர்: உளவியல் முதுகலைக்குப் பிறகு, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்து அங்கே பதிவு செய்தவர். மருந்து எழுத மாட்டார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பெயருக்கு உரிய தகுதியை வரையறுத்திருக்கிறது.

ஆலோசகர்: உளவியல், சமூகப்பணி, வழிகாட்டல் என்று பல பாதையில் வருபவர். வார இறுதியில் நடக்கும் சான்றிதழ் வகுப்பை மட்டும் முடித்துவிட்டு போர்டு மாட்டியவர்களும் இந்தப் பெயரில் இருக்கிறார்கள் என்பதை மறைக்காதீர்கள்.

மனநல சமூகப் பணியாளர்: எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப்பணி முதுகலை வழியாக வருபவர். நோயாளியின் வீடு, வேலை, வருமானம், அரசு உதவி எல்லாம் இவர் பொறுப்பு.

ஆர்.சி.ஐ. பதிவேட்டில் ஒருவரின் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம். இதையும் சொல்லிக்கொடுங்கள். படிப்பைத் தேர்ந்தெடுக்காத பிள்ளைக்கும் நாளைக்கு வீட்டில் யாருக்காவது இது உதவும்.

9. படிப்பின் வரிசையை உள்ளபடி எழுதிப் போடுங்கள் (8, 9 சேர்த்து 15 நிமிடம்)

கரும்பலகையில் மேலிருந்து கீழாக எழுதுங்கள்: இளநிலை 3 ஆண்டு, முதுகலை 2 ஆண்டு, மருத்துவ உளவியல் என்றால் எம்.பில். பாதையில் மேலும் 2 ஆண்டு. பிளஸ் டூவுக்குப் பிறகு மொத்தம் ஏழு. பி.எஸ்சி. மட்டும் முடித்தவர் உளவியலாளர் ஆகிவிட மாட்டார். இதைச் சொன்னால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள் என்று சிலர் மழுப்புகிறார்கள். மூன்று வருடம் கழித்துத் தெரிந்துகொண்டு கலங்குவதைவிட இன்றைக்குத் தெரிந்துகொள்வதே நல்லது.

எந்த குரூப்? பெரும்பாலான கலைக் கல்லூரிகளில் எந்த குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம், கல்லூரியின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் 11, 12ஆம் வகுப்புக்கு உளவியல் விருப்பப் பாடமாக இருக்கிறது. என்சிஇஆர்டி அந்தப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஆர்வமுள்ள பிள்ளை அதில் ஓர் அத்தியாயத்தைப் படித்துப் பார்ப்பதுதான் சரியான முதல் வேலை. பிடித்தால் தொடரட்டும். பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால், கலைச்சொல்லுக்குத் தன் சொந்தத் தமிழில் விளக்கம் எழுதிவைக்கும் நோட்டு ஒன்றை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

எங்கே? கோவையில் அரசு கலைக் கல்லூரியிலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும், சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறை உண்டு. மருத்துவ உளவியலில் மேலே போக நினைப்பவர்களுக்கு பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் கிட்டத்தான் இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்: மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன்.

இரண்டு விதி மாற்றங்களைக் கட்டாயம் சொல்லுங்கள். பழைய தகவலோடு வருபவர்கள் தவறாக வழிகாட்டுவது இங்கேதான். 2025 ஜூலை, ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யூஜிசி உத்தரவிட்டிருக்கிறது. "வேலைக்குப் போயிட்டே தபால்ல எம்.எஸ்சி. சைக்காலஜி போட்டுக்கலாம்" என்ற அறிவுரை இனி செல்லாது. அடுத்து, எம்.பில். பட்டத்தை யூஜிசி 2022இல் நிறுத்தியது. மருத்துவ உளவியல், மனநல சமூகப்பணி ஆகிய இரண்டு எம்.பில்லுக்கு மட்டும் 2025-26 வரை விலக்கு கிடைத்தது. அந்த இடத்துக்கு வரும் படிப்புகளை ஆர்.சி.ஐ. அறிவிக்கிறது. அதனால் ஒவ்வொரு ஆண்டும் வகுப்புக்குப் போகும் முன் அந்த இரண்டு இணையதளங்களையும் பார்த்துவிட்டுத்தான் கரும்பலகையில் கை வைக்க வேண்டும்.

10. வீட்டில் பேசுவதற்கு ஒரு தாள் கொடுத்தனுப்புங்கள்

முடிவெடுப்பது பெரும்பாலும் வீடுதான். கொங்குப் பக்கம் அந்த வீட்டில் ஒரு விசைத்தறியோ, தென்னந்தோப்போ, சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப்போ இருக்கும். கணக்குப் போட்டுத்தான் பேசுவார்கள், அதில் தப்பும் இல்லை. "ஏனுங்க, ஏழு வருசம் படிச்சு எப்பொத்தான் சம்பாதிக்கறதுங்க?" என்று ஓர் அப்பா கேட்டால் அது நியாயமான கேள்வி.

அதனால் ஒரே பக்கத்தில் தமிழில் அடித்த தாள் ஒன்று வேண்டும். எத்தனை ஆண்டு, இடையில் எந்த இடத்தில் வேலைக்குப் போகலாம், அரசுக் கல்லூரிக்கு எப்போது விண்ணப்பம், உதவித்தொகை என்ன என்பவை மட்டும் போதும். முதுகலையோடு நிறுத்தினாலும் மனிதவளம், பயிற்சி, பள்ளி ஆலோசனை என்று போகலாம் என்பதை மேலேயே போடுங்கள்.

பெண்பிள்ளைகள் வீட்டில் வேறொரு பயம் உண்டு. "பைத்தியக்கார ஆஸ்பத்திரி வேலைக்குப் போற புள்ளைய யாருங்க கட்டுவாங்க?" என்று ஒரு அம்மா கேட்டால் கோபப்படாதீர்கள், பாடமும் எடுக்காதீர்கள். சார்ட்டில் வரைந்த அந்த ஊரையே காட்டுங்கள்: பள்ளி, கம்பெனி, கோர்ட்டு, ஐடி. முடிந்தால் அதே வட்டாரத்தில் இந்த வேலையில் இருக்கும் பெண் ஒருவரை, அவர் சம்மதத்தோடு, பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். நாம் அரை மணி பேசுவதைவிட அவர் ஐந்து நிமிடம் பேசுவதை நம்புவார்கள்.

11. மணி அடித்த பிறகு

உடனே கிளம்பாதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் உதவி எண்களையும் பொறுப்பாசிரியர் பெயரையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, அரை மணி நேரம் பள்ளியிலேயே இருங்கள். பேச வரும் பிள்ளையை மூடிய அறைக்குள் கூட்டிப்போக வேண்டாம். வராந்தா, மரத்தடி என்று மற்றவர் கண்ணில் படும், ஆனால் காதில் விழாத இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

கேளுங்கள். நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள். "உனக்கு ஆங்சைட்டி" என்று நீங்கள் போகிறபோக்கில் சொல்வது அந்தப் பிள்ளையின் மனதில் வருடக்கணக்கில் தங்கிவிடும். அறிமுக வகுப்புக்கு வந்தவர் சிகிச்சை தரக் கூடாது, முதுகலை மாணவர் என்றால் சுத்தமாகக் கூடாது. பிள்ளையின் சம்மதத்தோடு பொறுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் மட்டும் சம்மதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. பிள்ளையைத் தனியே விடாமல், அங்கிருந்தே 14416ஐ அழைத்து, தலைமையாசிரியரையும் வரவழையுங்கள். ஆபத்துக்குக் காரணமானவர் அந்த வீட்டைச் சேர்ந்தவர் அல்ல என்று தெரிந்துகொண்டு பெற்றோருக்கும் சொல்லுங்கள். பிள்ளையை ஒரு பெரியவர் பொறுப்பில் ஒப்படைத்த பிறகே கிளம்ப வேண்டும்.

அன்று இரவே சீட்டுகளை மறுபடி ஒருமுறை படியுங்கள். பையில் தனியாக வைத்த சீட்டில் ஆபத்து தெரிந்தால் மறுநாள் வரை வைத்திருக்காமல் பொறுப்பாசிரியரை உடனே அழையுங்கள். மற்ற சீட்டுகளைக் கிழித்துவிடலாம்.

ஒரு வாரம் கழித்துப் பொறுப்பாசிரியருக்கு போன் செய்து இரண்டு விஷயம் கேளுங்கள். பேச வந்த பிள்ளைகளை அவர் மறுபடி பார்த்தாரா? என்சிஇஆர்டி புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தையாவது யாராவது படித்தார்களா? படித்தவர்களின் பெயரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்து கலைக் கல்லூரி விண்ணப்பம் திறக்கும் மே மாதத்தில் நீங்கள் முதலில் அழைக்க வேண்டியது அவர்களைத்தான்.